சமக்குறி செய்யும் கேடு
(இடங்களின் பயன்பாட்டைக் குறிக்கும் சில ஆங்கிலச் சொற்களை முன்வைத்து ஒரு கண்டனம்)

எமது கலைப்பீடத்தில் ஆங்கிலக் குறிப்புத் தாள்கள் கைமாறித் திரிவது நெடுநாள் வழக்கம். மூத்த அணியினர் எழுதியதை இளைய அணியினர் படியெடுப்பர். அவர்களிடமிருந்து அடுத்த அணியினர் பெறுவர். இடப்பக்கத்தில் ஆங்கிலச் சொல், நடுவில் ஒரு சமக்குறி, வலப்பக்கத்தில் தமிழ்ச் சொல் என்பதே அத்தாள்களின் அமைப்பு. அண்மையில் என் கைக்கு வந்த தாளொன்றில் ‘ஒக்கியுபைட்’, ‘என்கேஜ்ட்’, ‘ரேக்கன்’, ‘றிசேர்வ்ட்’ என்னும் நான்கு சொற்களும் ஓர் அடைப்புக்குள் சேர்க்கப்பட்டு, ‘ஆள் உண்டு’ என்ற ஒரே பொருள் தரப்பட்டிருந்தது. அதன் கீழே ‘வேக்கன்ற்’, ‘எம்ற்றி’, ‘அன்ஒக்கியுபைட்’, ‘பிறீ’ ஆகிய நான்குக்கும் ‘ஆள் இல்லை’ என்று பொருள். சொற்கள் எட்டு, பொருள்கள் இரண்டு, பரீட்சைக்கு இது போதும் என்று கீழே ஒருவர் எழுதியும் வைத்திருந்தார்.

அச்சமக்குறி பொய் சொல்கின்றது என்பதே இக்கட்டுரையின் வாதம். அப்பொய் பரீட்சை மண்டபத்தோடு முடிந்துவிடுவதாயின் அதனைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. அது காணிக் கச்சேரி வரையும் நீதிமன்றம் வரையும் செல்வது, சென்றிருக்கின்றது. ஆதலாலேயே இதனை எழுத நேர்ந்தது.

இவ்வாறு கூறியவுடன் மூன்று மறுப்புகள் எழும் என்பதை யாம் அறிவோம். ‘கருத்து விளங்கினாற் போதாதா? நுணுக்கம் எதற்கு?’ என்பது ஒன்று. ‘தமிழ் மாணவராகிய நாம் ஆங்கிலேயன் சொல்லுக்கு உரை எழுதிக்கொண்டிருப்பது அடிமைப் புத்தியின் எச்சம்’ என்பது மற்றொன்று. ‘ஆங்கிலேயரே இச்சொற்களை மயங்க வழங்குகின்றனர், நாம் மட்டும் பிரித்தறிவானேன்?’ என்பது மூன்றாவது. இம்மூன்றையும் இறுதியில் எடுத்து நோக்குவோம். முதலில் சொற்களைப் பார்ப்போம்.

நூலகத்துக் கதிரை

பரீட்சைக் காலத்து நூலகம் ஒன்றைக் கருதுக. காலையில் வந்த மாணவி ஒருத்தி கதிரையில் ஒரு கொப்பியையும் தண்ணீர்ப் போத்தலையும் வைத்துவிட்டுச் சிற்றுண்டிச்சாலைக்குப் போய்விட்டாள். அக்கதிரையில் இப்பொழுது எவரும் இல்லை. எனினும் அது பிறர் அமரத்தக்கதும் அன்று. ஆங்கிலம் வழங்குவோர் இந்நிலையை ‘ரேக்கன்’ என்பர். ‘எடுத்தல்’ என்னும் வினையடியாக வந்த அச்சொல், அவ்விடத்தை ஒருவர் முந்திப் பற்றிக்கொண்டார் என்பதையே சொல்லும். அவர் அங்கு இருக்கின்றாரா என்பதைப் பற்றி அதற்கு அக்கறை இல்லை. அவள் திரும்பி வந்து அமர்ந்ததும் கதிரை ‘ஒக்கியுபைட்’ ஆகின்றது. அதாவது ஓர் உடல் அதனை நிரப்பி நிற்கின்றது. அதே மண்டபத்தின் முன்வரிசையில், நடக்க இயலாத மாணவருக்கென நிருவாகம் அட்டை கட்டி வைத்த கதிரை ஒன்று உள்ளது எனக் கொள்வோம். அது ‘றிசேர்வ்ட்’. ஓர் அதிகாரம் முற்கூட்டியே அதனை விலக்கி வைத்திருக்கின்றது. அட்டையை மதியாத ஒருவன் அதில் ஏறி அமர்ந்தால், அவ்விடம் ஒரே வேளையில் ‘றிசேர்வ்ட்’ ஆகவும் ‘ஒக்கியுபைட்’ ஆகவும் இருக்கின்றது. இருக்கின்றவன் ஒருவன், உரியவன் வேறொருவன்.

இதிலிருந்து பெறப்படுவது யாது? இச்சொற்கள் ஒரே வினாவுக்கு உரிய பல விடைகள் என்று நமது குறிப்புத் தாள் கருதுகின்றது. அவை பல வினாக்களுக்குரிய விடைகள் என்பதே உண்மை. ‘இங்கு இப்பொழுது யாரேனும் உளரா?’ என்பது ஒரு வினா. ‘இதனை யாரேனும் தமதெனக் கொண்டனரா?’ என்பது வேறொரு வினா. ‘இது யாருக்கென ஒதுக்கப்பட்டது?’ என்பது இன்னொன்று. முதல் வினாவுக்கு ‘இல்லை’ என்று விடை கூறுபவர் மற்றை இரண்டுக்கும் ‘இல்லை’ என்று கூறியவராகார். கூறியவராக அவரைக் கொள்வதே சமக்குறி செய்யும் வேலை.

கதவும் வீடும்

‘என்கேஜ்ட்’ என்பது சற்று வேறான இனம். ஈடு அல்லது பிணை எனப் பொருள்தரும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து அது பிறந்தது. ஆதலால் மணத்துக்கு நிச்சயிக்கப்பட்டவரும் ‘என்கேஜ்ட்’. ஒரு காரியத்தில் ஈடுபட்டிருப்பவரும் ‘என்கேஜ்ட்’. பிரித்தானியாவில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும் தொலைபேசி இணைப்பையும் உள்ளே ஆள் இருக்கும் கழிப்பறையின் கதவையும் அச்சொல்லால் குறிப்பர். அமெரிக்கர் அத்தொலைபேசியைப் ‘பிஸி’ என்பர். ஆகாய விமானத்துக் கழிப்பறைக் கதவிலோ ‘ஒக்கியுபைட்’ என்று எழுதியிருக்கும். வீதி ‘பிஸி’ என்றால் சனநடமாட்டம் மிகுந்தது என்பது கருத்து. குடியிருக்கும் வீட்டை ‘என்கேஜ்ட்’ என்பாரும் இல்லை. ‘பிஸி’ என்பாரும் இல்லை. இவ்வேறுபாடுகளிற் சில வெறும் நாட்டு வழக்கு என்பதை ஒப்புக்கொள்கின்றோம். கழிப்பறைக் கதவில் எச்சொல் இருந்தாலும் எவருக்கும் நட்டம் இல்லை. கதவோடு வேறுபாடு நின்றிருப்பின் நமது குறிப்புத் தாளையும் மன்னித்துவிடலாம்.

கதவைக் கடந்து வீட்டுக்குள் வந்தால் நிலைமை மாறுகின்றது. தளபாடங்களைப் பூட்டி வைத்துவிட்டு வீட்டார் மூன்று மாதம் வெளிநாடு சென்றுள்ளனர் எனக் கொள்வோம். அவ்வீடு ‘அன்ஒக்கியுபைட்’, ஆனால் ‘வேக்கன்ற்’ அன்று. ஆளும் இல்லாமல் பொருளும் இல்லாமல் வெறுவீடாய்க் கிடப்பதே ‘வேக்கன்ற்’. அமெரிக்கக் காப்புறுதி வழக்குகளில் இவ்விரண்டும் வேறு வேறாகவே கொள்ளப்பட்டு வந்துள்ளன. வீடு தீப்பற்றினால் இழப்பீடு கிடைக்குமா கிடையாதா என்பது இவற்றுள் எச்சொல் பொருந்தும் என்பதைப் பொறுத்திருக்கலாம். அந்நாட்டுக் குடிசன மதிப்பீட்டிலோ வியப்பு இன்னும் பெரிது. வழக்கமாகக் குடியிருப்போர் தற்காலிகமாக வெளியே சென்றிருந்தால், உள்ளே ஒருவரும் இல்லாத அவ்வீடு ‘ஒக்கியுபைட்’ என்றே கணிக்கப்படும். வேறிடத்தில் நிரந்தர வீடுடையோர் மட்டும் தற்காலிகமாகத் தங்கியிருந்தால், ஆட்கள் நிறைந்திருக்கும் அவ்வீடு ‘வேக்கன்ற்’ என்று கணிக்கப்படும். ‘ஆள் உண்டு’, ‘ஆள் இல்லை’ என்று மனனஞ்செய்த மாணவன் இங்கு இரண்டு இடத்திலும் பிழை விடுவான்.

1840 ஆம் ஆண்டின் ஒரு சொல்

இனிக் காணிக்கு வருவோம். எமது நாட்டின் வரலாற்றிலேயே இச்சொற்களுள் ஒன்று செய்த வேலையைக் காட்டிலும் தக்க சான்று வேண்டியதில்லை.

முடிக்குரிய காணிகளில் அத்துமீறலைத் தடுப்பதற்கென 1840 ஆம் ஆண்டில் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. காடு, வெறுநிலம், ‘அன்ஒக்கியுபைட்’ ஆன நிலம், பயிரிடப்படாத நிலம் ஆகிய யாவும், மறுதலையாக நிரூபிக்கப்படும் வரை, முடியின் சொத்தென்றே அனுமானிக்கப்படும் என்று அது விதித்தது. பல ஆண்டு இடைவெளி விட்டே பயிரிடத்தக்க சேனை நிலங்களும் இவ்வனுமானத்துள் அடக்கப்பட்டன. கண்டி மாகாணங்களில் சேனைக்கு உரிமை கோருவோர் சன்னசு போன்ற கொடைப்பத்திரத்தைக் காட்ட வேண்டியவராயினர்.

சேனைப் பயிர்ச்செய்கை என்பது யாது? காட்டின் ஒரு பகுதியை வெட்டி எரித்து, ஓரிரு போகம் பயிரிட்டு, மண் தேறுவதற்காக ஆண்டுக்கணக்கில் விட்டுவைத்து, மீண்டும் வந்து வெட்டுவது. விட்டுவைத்தலும் அப்பயிர்ச்செய்கையின் ஒரு பகுதியே. மாட்டை மேயவும் விறகு பொறுக்கவும் கிராமத்தார் அதே நிலத்துக்குப் போய்வருவர். ஆனால் இலண்டனிலோ கொழும்பிலோ இருந்து நோக்கும் அதிகாரியின் கண்ணுக்கு அங்கு வீடில்லை, வேலியில்லை, நின்ற பயிரில்லை. எனவே அது ‘அன்ஒக்கியுபைட்’. பயன்பாட்டில் உள்ள இடம், ஆள் நிற்காத காரணத்தால், எவருக்கும் உரியதல்லாத இடமாயிற்று. அக்காலம் கோப்பிச் செய்கை பெருகிய காலம் என்பதும், முடி விற்ற காணியை வாங்கியோருள் அரசாங்க உயர் உத்தியோகத்தரும் இருந்தனர் என்பதும் ஈண்டு நினைவுகூரற்பாலன. இச்சட்டத்தால் கிராமத்தார் இழந்த நிலத்தின் அளவு பற்றி வரலாற்றாசிரியரிடையே கருத்து வேறுபாடு உண்டு. நிரூபிக்கும் சுமை உழவன் தலையில் ஏற்றப்பட்டது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அச்சுமையை ஏற்றிய நெம்புகோல்களுள் ஒன்று அச்சிறுசொல்.

இது இலங்கைக்கு மட்டும் நேர்ந்ததன்று. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பகுதியை 1889 இல் இலண்டன் கோமறைக் கழகம், கூப்பர் எதிர் ஸ்ருவேட் என்னும் வழக்கில், நடைமுறையில் ‘அன்ஒக்கியுபைட்’ ஆயிருந்த நிலப்பரப்பாகவே கருதிற்று. பல்லாயிரம் ஆண்டுகளாக அங்கு வேட்டையாடியும் தீயிட்டு நிலத்தைப் பேணியும் வாழ்ந்த ஆதிக்குடிகள் அச்சொல்லுக்குள் மறைந்து போயினர். அம்மயக்கம் நீங்கி, ஆதிக்குடிகளின் நில உரிமை ஆங்கிலேயர் வரவால் தானே அழிந்துவிடவில்லை என்று அந்நாட்டு மேல் நீதிமன்றம் மாபோ வழக்கில் தீர்ப்பளித்தது 1992 இல். இடையே ஓடியவை நூற்றுமூன்று ஆண்டுகள்.

இதன் மறுபக்கத்தையும் நோக்குக. ‘ஒக்கியுபை’ என்பதன் இலத்தீன் மூலம் பற்றிக்கொள்ளுதல் என்ற பொருளுடையது. 1907 ஆம் ஆண்டின் ஹேக் விதிகள், பகைப் படையின் அதிகாரத்துள் உண்மையாகவே வந்துவிட்ட நிலத்தை இச்சொல்லாலேயே குறிக்கின்றன. அங்கு இச்சொல் நிலத்தை இழந்தவனுக்குத் துணை நிற்கின்றது. படை அங்கு இருக்கின்றது, ஆயினும் நிலம் படைக்குரியதன்று என்பதே அதன் உட்கிடை. ஆதலாற்றான் 1967 ஆம் ஆண்டுப் போரிற் கைப்பற்றிய பாலஸ்தீன நிலப்பகுதிகளுக்கு ‘நிருவகிக்கப்படும்’ பகுதிகள் என்றும் ‘பிணக்குக்குட்பட்ட’ பகுதிகள் என்றும் இஸ்ரேல் பெயரிட்டு வந்தது. சர்வதேச நீதிமன்றம் 2004 இல் வழங்கிய கருத்துரையில் ‘ஒக்கியுபைட்’ என்ற சொல்லையே ஆண்டது. இரு தரப்பினரும் ஒரு சொல்லுக்காக இவ்வளவு போராடுவது மொழி நுணுக்கத்தில் உள்ள ஆசையாலன்று. இருத்தல் வேறு, உரிமை வேறு என்பதை அச்சொல் காட்டிக்கொடுக்கின்றது என்பதை இருவரும் அறிவர்.

என் கையால் நேர்ந்தது

பிறர் கதையைக் கூறி என் கதையை மறைப்பது முறையாகாது. எனது அம்மம்மாவுக்கு வடக்கிலே எட்டுப் பரப்புக் காணி ஒன்று உண்டு, முதிசமாக வந்தது. 1990 இல் இடம்பெயர்ந்தபின் அங்கிருந்த வீடு சிதைந்துபோயிற்று. இன்று எஞ்சியவை ஒரு கிணறும் முப்பதுக்கு மேற்பட்ட பனைகளும் ஒரு மாமரமும் ஆகும். எமது குடும்பம் வேறூரில் வாழ்கின்றது. எனினும் காணி திறந்துவிடப்பட்ட நாள்முதல் ஆண்டுதோறும் வேலி அடைப்பதும், கிணறு இறைப்பதும், ஆடி ஆவணியிற் பனம்பழம் பொறுக்குவதும், ஓலை வெட்டுவதும் தவறியதில்லை.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதியை எதிர்பார்த்திருந்த காலத்தில், ஓர் அலுவலகத்திலிருந்து படிவம் ஒன்று வந்தது. தமிழ்ப் படிவம் முடிந்துவிட்டது என்று கூறி ஆங்கிலப் படிவத்தையே கொடுத்தனர். வீட்டில் ஆங்கிலம் ‘தெரிந்தவன்’ நான். காணி ‘ஒக்கியுபைட்’ ஆ, ‘அன்ஒக்கியுபைட்’ ஆ என்று ஒரு வினா. பாடசாலையில் நான் மனனஞ்செய்த பட்டியலிலும் இதே சமக்குறி இருந்தது. அங்கு குடியிருப்போர் எவரும் இல்லையே என்று எண்ணி, இரண்டாவதன் கீழ்க் கோடிட்டேன். உண்மையையே எழுதினேன் என்ற மனநிறைவும் எனக்கிருந்தது.

சில மாதங்களின் பின் விசாரணைக்கு அழைத்தனர். அம்மம்மாவுடன் சென்றேன். மேசைக்கு அப்பால் இருந்தவர் படிவத்தைத் திருப்பிக் காட்டி, ‘காணியை ஒருவரும் பாவிப்பதில்லை என்று நீங்களே எழுதித் தந்திருக்கிறீர்கள்’ என்றார். அம்மம்மா என்னைப் பார்த்துக் கேட்டா: ‘ஆளில்லாத காணியெண்டு ஆர் தம்பி சொன்னது? போன ஆவணியிலையும் நாங்கள்தானே பனம்பழம் பொறுக்கினது?’ அக்கேள்விக்கு என்னிடம் விடை இருக்கவில்லை. சொன்னவன் நான்தான். அதனைத் திருத்துவதற்கு இரண்டு சத்தியக்கடதாசிகளும், கிராம அலுவலரின் கடிதமும், பதினொரு மாதங்களும் வேண்டியிருந்தன. அங்கு குடியிருக்கவில்லை, ஆனால் ஆண்டு அனுபவித்து வருகின்றோம் என்று ஒரு வரி எழுதியிருப்பின் எதுவும் நேர்ந்திராது. அதற்கு இரண்டு சொற்களும் வேறென்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இஃது ஒரு வீட்டுக் கதை மட்டுமன்று. வடமாகாணத்தில் ஏறத்தாழ 5,900 ஏக்கர் காணிக்கு மூன்று மாதத்துள் உரிமை கோருமாறும், கோராவிடின் அவை அரச காணியாகக் கொள்ளப்படும் என்றும் 2025 மார்ச் 28 ஆந் திகதிய வர்த்தமானி அறிவித்தது. அதனை அவ்வாண்டு ஜூன் மாதம் உயர் நீதிமன்றம் இடைநிறுத்தியது. ஆள் அங்கு நிற்காமையை உரிமை இன்மையாகக் கொள்ளும் 1840 ஆம் ஆண்டுச் சிந்தனை இறந்துவிடவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? மறுபுறத்தே, பத்தாண்டு தடையற்ற ஆட்சியால் காணியுரிமை தோன்றும் என்ற 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்துக்கு 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் ஒரு விலக்களித்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை, ஆயுதக் குழுக்களின் செயற்பாடுகளால் தம் காணியுரிமையை நிலைநாட்ட இயலாதிருந்தோருக்கு எதிராக அக்காலம் கணிக்கப்படாது என்றது. இல்லாமை வேறு, கைவிடுதல் வேறு என்பதை அவ்விலக்கின் மூலம் சட்டமே ஏற்றுக்கொண்டது. சட்டம் ஏற்றுக்கொண்ட வேறுபாட்டை நமது குறிப்புத் தாள் ஏற்க மறுப்பது ஏன்?

மூன்று மறுப்புகள்

கருத்து விளங்கினாற் போதாதா என்று கேட்போருக்கு முதல் விடை: விளங்கியது எக்கருத்து? எனது படிவத்தைப் படித்தவருக்கும் ஒரு கருத்து நன்றாகவே விளங்கிற்று. நான் கருதியது அதுவன்று. நண்பனோடு பேசும்பொழுது பிழை நேர்ந்தால் அவன் திருப்பிக் கேட்பான். படிவம் திருப்பிக் கேட்பதில்லை.

ஆங்கிலச் சொல்லுக்கு இத்துணை மதிப்பளிப்பது அடிமைப் புத்தி என்பாருக்கு இரண்டாவது விடை. ஆங்கிலத்தை வணங்குவதற்காக இவ்வேறுபாடுகளைக் கற்குமாறு யாம் கூறவில்லை. அதனிடம் ஏமாறாதிருப்பதற்காகவே கூறுகின்றோம். 1840 இல் அச்சொல்லைத் தட்டிக்கேட்க வல்லார் கிராமங்களில் இருந்திலர். இன்று பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் எம்மைப் போன்றோரை வெளியே அனுப்புகின்றது. எமக்கும் அது தெரியாதெனில் யாருக்குத் தெரியும்? தமிழ்ப் படிவத்தைக் கோரிப் பெறுவது எமது உரிமை என்பதிற் கருத்து வேறுபாடில்லை. 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. ஆனால் அத்தமிழ்ப் படிவத்தை மொழிபெயர்ப்பவர் யார்? இதே குறிப்புத் தாளைப் படித்துப் பட்டம் பெற்றவரே. ‘ஆள் இல்லாத காணி’ என்று அவர் தமிழில் அச்சிட்டால், பிழை தமிழிலும் பிழையே. மேலும் பலரைச் சென்று தாக்கும்.

தமிழிற் சொல் இல்லை என்ற சாக்கும் இங்கு செல்லாது. காணி விடயத்தில் எமது முன்னோர் மிகக் கூர்மையானவர்கள். குடியிருத்தல் வேறு, ஆண்டனுபவித்தல் வேறு என்பதை எமது பழைய உறுதிகள் அறியும். கடனுக்கு வட்டியாகக் காணியின் பயனை மற்றவன் அனுபவிக்க, உரிமை மட்டும் உடையவனிடமே நிற்கும் நிலைக்கு ‘ஒற்றி’ என்று பெயரிட்டவர்கள் நாங்கள். 1707 இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையிலும் ஒற்றி இடம்பெற்றுள்ளது. தரிசு வேறு, பாழ் வேறு, வெறுங்காணி வேறு. இத்தனையும் உடைய மொழிக்காரர் ‘ஆள் உண்டு’, ‘ஆள் இல்லை’ என்ற இரண்டோடு அமைவது ஆங்கிலத்துக்குச் செய்யும் குறையிலும் தமிழுக்குச் செய்யும் குறையே பெரிது.

ஆங்கிலேயரே மயங்குகின்றனர் என்பது மூன்றாவது மறுப்பு. பேச்சில் மயங்குவர், உண்மை. ஆனால் அவர்கள் சட்டமோ காப்புறுதிப் பத்திரமோ குடிசன மதிப்பீடோ எழுதும்பொழுது மயங்குவதைத் தவிர்க்கவே முயல்கின்றனர். வேண்டியவிடத்துச் சொல்லின் பொருளை அப்பத்திரத்திலேயே வரையறுத்து வைக்கின்றனர். அங்காடியில் மயங்கினால் பாதகமில்லை. ஆவணத்தில் மயங்கினால் பாதகம் உண்டு. எமது கல்வி எம்மை ஆயத்தம் செய்ய வேண்டியது பின்னதற்கே.

இனிச் செய்யத்தக்கது

இச்சமக்குறிப் பழக்கம் எங்கிருந்து வந்தது? எமது மரபில் நிகண்டு ஓதும் வழக்கம் இருந்தது. ஒரு பொருளுக்குரிய பல பெயர்களை ஒன்றுசேர்த்து மனனஞ்செய்விப்பது அது. செய்யுளியற்றுவோனுக்கு எதுகை மோனைக்கேற்ற சொல் வேண்டியபொழுது அது உதவிற்று. அப்பயனை யாம் இகழவில்லை. ஆனால் செய்யுளுக்கு உதவிய கருவியைக் கொண்டு படிவம் நிரப்புவது, வாச்சியால் மயிர் மழிப்பதை ஒக்கும். வேலை முடியும், முகம் மிஞ்சாது.

எனவே யாம் முன்வைப்பன மூன்று. ஒன்று, ஒத்த சொற்களைக் கற்பிக்கும்பொழுது ஒவ்வொன்றையும் நான்கு வினாக்களுக்கு உட்படுத்துக: இங்கு ஆள் இருத்தலைச் சொல்கின்றதா? உரிமை கோரலைச் சொல்கின்றதா? ஒதுக்கி வைத்தலைச் சொல்கின்றதா? பயன்படுத்தலைச் சொல்கின்றதா? இரண்டாவது, எச்சொல்லையும் அதன் எதிர்ச்சொல்லோடும் ஒரு முழு வாக்கியத்தோடும் கற்பிக்குக. தனித்து நிற்கும் சொல் யார் வாயிலும் ஏறிக்கொள்ளும். மூன்றாவது, ஆவணம் எதனைப் படித்தாலும் அதன் வரைவிலக்கணப் பகுதியை முதலிற் படிக்கும் பழக்கத்தைப் பல்கலைக்கழகத்திலேயே ஏற்படுத்துக. இவற்றுக்குப் புதிய கட்டடமும் வேண்டாம்; புதிய பதவியும் வேண்டாம். விரிவுரையாளர் ஒரு மணி நேரமும் மாணவர் ஒரு தாளும் செலவிட்டாற் போதும்.

அத்தாளைச் சங்கமே ஆக்கி வெளியிடலாம் என்பது எமது கோரிக்கை. எம்முள் ஆசிரியராவோர் பலர்; மொழிபெயர்ப்பாளராவோர் சிலர்; பிரதேச செயலகத்து மேசைக்கு அப்பால் அமரப்போவோரும் இங்கு உளர். மேசையின் எப்பக்கத்தில் அமர்ந்தாலும் இச்சொற்கள் எம் கைவழியே செல்லும். அடுத்த அணியினர் வருமுன் அந்த எட்டுச் சொற்களுக்கும் எதிரே உள்ள இரண்டு சமக்குறிகளையாவது அழித்துவிடுவோம். எனது அம்மம்மா கேட்டதுபோல் இன்னொருவரின் அம்மம்மா கேட்கும்பொழுது, பக்கத்தில் நிற்கும் பேரன் விடையின்றித் தலைகுனியாதிருக்கட்டும்.